விரிசல் விடும் கழுத்து, நழுவும் குண்டு: அறிகுறியைப் பார்த்து அனீலிங் எந்திரம் தேர்ந்தெடுங்கள்

சுட்ட தோட்டாக் கூடுகளை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவோர், கூட்டின் கழுத்தைச் சூடேற்றி இளக்கும் அனீலிங் எந்திரம் வாங்கப் புறப்படும்போது "எந்த எந்திரம் நல்லது?" என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: "என் கூட்டுக்கு என்ன கோளாறு?" அனீலிங் சில கோளாறுகளைத் தீர்க்கும். சிலவற்றைத் தொடவே தொடாது. தவறான இடத்தில் செய்தால் கூட்டையே ஆபத்தான பொருளாக்கிவிடும். அதனால் இந்த வழிமுறையை எந்திரத்தின் பெயரிலிருந்து தொடங்காமல் கூட்டின் அறிகுறியிலிருந்து தொடங்குகிறேன்.

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் சட்டப்படி இலக்குச் சுடுதலில் ஈடுபடுவோருக்காக இதை எழுதுகிறேன். அங்கே மறுநிரப்பு பரவலான, சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. இந்தியாவில் உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். இருக்கும் நாட்டின் சட்டத்தை முதலில் பாருங்கள்.

அடிப்படை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. தோட்டாக் கூட்டின் பித்தளையில் 70 விழுக்காடு செம்பு, 30 விழுக்காடு துத்தநாகம். சுடும்போது, குண்டைப் பிடித்திருக்கும் மேல்முனையான கழுத்து விரிகிறது. கூட்டைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சான சைசிங் டைக்குள் தள்ளும்போது சுருங்குகிறது. டையில் உள்ள எக்ஸ்பாண்டர் குமிழ் கழுத்துக்குள் போய் வரும்போது மறுபடி விரிகிறது. ஒவ்வொரு முறையும் உலோகம் இறுகுகிறது. இறுகிய பித்தளை வளைய மறுக்கும், வளைத்தாலும் துள்ளிப் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும், கடைசியில் விரிசல் விடும். கழுத்தையும், அதற்குக் கீழே சரிந்து அகலும் தோளையும் மட்டும் சூடேற்றி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதுதான் அனீலிங். கூட்டின் அடிப்பகுதி இறுக்கமாகவே இருந்தாக வேண்டும். .308 வின்செஸ்டர் போன்ற தோட்டாவில் அந்த அடி சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்ட் வரை அழுத்தத்தைத் தாங்குகிறது. அது இளகினால் சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். அனீலிங்கில் விட்டுக்கொடுக்க முடியாத விதி இது ஒன்றுதான்: அடியைச் சூடாக்காதே.

அறிகுறி: கழுத்தில் நீளவாக்கில் விரிசல்

பலரையும் எந்திரம் தேட வைப்பது இதுதான். கழுத்தின் வாயிலிருந்து தோளை நோக்கி ஒரு மெல்லிய கோடு இறங்கும். சுட்ட பிறகு தெரிந்தால் கழுத்து இறுகிப்போய்விட்டது என்று பொருள். அந்தக் கூட்டை எறிந்துவிடுங்கள். விரிசல் விட்ட கழுத்தை எந்தச் சூடும் ஒட்ட வைக்காது. அதே பெட்டியில், அதே முறை எண்ணிக்கை சுட்ட மற்றக் கூடுகளுக்குத்தான் அனீலிங். ஒன்று விரிசல் விட்டால் மற்றவையும் அதே விளிம்பில் நிற்கின்றன.

சுடாமலேயே, நிரப்பி அலமாரியில் வைத்திருந்த தோட்டாவின் கழுத்து விரிசல் விட்டிருந்தால் காரணம் சற்று வேறு. குண்டு உள்ளே உட்கார்ந்து கழுத்தை எப்போதும் இழுவிசையில் வைத்திருக்கிறது. இறுகிய பித்தளை, தொடர்ந்த இழுவிசை, காற்றில் கொஞ்சம் அம்மோனியா, மூன்றும் சேர்ந்தால் போதும். இதற்கு உலோகவியலில் பழைய வரலாறு உண்டு, அது இந்தியாவில் தொடங்கியது. பிரிட்டிஷ் இந்தியப் படைகள் மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தன. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடுகளில் விரிசல். பருவந்தோறும் திரும்பி வந்ததால் இதற்குப் பருவ விரிசல் என்றே பெயர் விழுந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியாவும் கூட்டில் தங்கிய உள்ளிறுக்கமும் சேர்ந்ததே காரணம் என்று மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் 1921இல் விளக்கினார்கள். தீர்வாக அமைந்தது, உள்ளிறுக்கத்தைச் சூட்டால் தளர்த்துவது.

ஆகவே இந்த அறிகுறிக்கு அனீலிங் நேரடி மருந்து, எந்த வகை எந்திரமும் உதவும். வருடத்துக்கு ஒரு சில நூறு கூடுகள் மட்டுமே கையாள்பவர் என்றால் விலை உயர்ந்த எந்திரம் தேவையே இல்லை. பேட்டரி டிரில்லில் ஆழமான சாக்கெட் ஒன்றை மாட்டி, அதற்குள் கூட்டை நிறுத்தி மெதுவாகச் சுழற்றி, புரோபேன் சுடரில் கழுத்தைக் காட்டினாலே போதும். விரிசலைத் தள்ளிப்போட அது தாராளம். அம்மோனியா கலந்த பித்தளைப் பாலிஷை மட்டும் கூட்டின் பக்கம் கொண்டுவராதீர்கள்.

அறிகுறி: அடிக்குச் சற்று மேலே வளையமாகப் பளபளக்கும் கோடு

இதற்கு அனீலிங் எந்திரம் வாங்காதீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். அந்தக் கோடு கூட்டின் சுவர் அந்த இடத்தில் நீண்டு மெலிந்துவிட்டது என்பதன் அடையாளம். அடுத்த சுடுதலில் கூடு இரண்டாகப் பிரியலாம். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சிறு கொக்கியாக வளைத்து, கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து சுவரை உரசியபடி மேலே இழுங்கள். உள்ளே பள்ளம் இருந்தால் கொக்கி அதில் தடுக்கும். தடுத்தால் கூடு குப்பைக்கு.

சைசிங் டையை அளவுக்கு மேல் கீழே இறக்கி, ஒவ்வொரு முறையும் தோளைத் தேவைக்கு மேல் பின்னுக்குத் தள்ளுவதே இதன் காரணம். சுடும்போது கூடு முன்னோக்கி நீள்கிறது, அந்த நீட்சியை அடிக்கு மேலுள்ள சுவர் கொடுக்கிறது. தீர்வு டையைச் சரியாக அமைப்பதில் இருக்கிறது. கழுத்து எவ்வளவு மென்மையாக இருந்தாலும் இந்த இடத்துக்கு ஒரு பயனும் இல்லை. "அனீலிங் செய்தால் கூடு ஆயுள் கூடும்" என்ற பேச்சை நம்பி இந்தக் கோட்டை அலட்சியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். அனீலிங் கூட்டுவது கழுத்தின் ஆயுளை மட்டும்தான்.

அறிகுறி: டையை மாற்றாமலே தோளின் அளவு கூட்டுக்குக் கூடு மாறுகிறது

தோளின் இடத்தை அளக்கும் கம்பேரட்டர் வைத்து அளந்தால் ஒரு கூட்டில் தோள் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு, அதாவது 0.05 மில்லிமீட்டர், பின்னால் போயிருக்கும். அடுத்ததில் அசையவே இல்லை. மூன்றாவதில் நான்கு பங்கு. டை ஒன்று, கூட்டை டைக்குள் தள்ளும் பிரஸ் ஒன்று, கை ஒன்று. மாறுவது பித்தளை.

முதலில் மெழுகைப் பாருங்கள். கூட்டின் மேல் தடவும் சைசிங் மெழுகு ஒன்றில் அதிகமாகவும் ஒன்றில் குறைவாகவும் இருந்தால் இதே தோற்றம் வரும். மெழுகு சீராக இருந்தும் அளவு அலைந்தால், கூடுகள் வெவ்வேறு முறை சுடப்பட்டவையா என்று பாருங்கள். மூன்று முறை சுட்டதும் எட்டு முறை சுட்டதும் ஒரே பெட்டியில் கலந்திருந்தால், இறுகியது அதிகம் துள்ளும், இளகியது டை சொன்ன இடத்தில் நிற்கும்.

இங்கே அனீலிங் உண்மையிலேயே வித்தியாசம் காட்டுகிறது. ஆனால் விரிசலுக்குப் போதுமான "ஏறக்குறையச் சரி" இங்கே போதாது. எல்லாக் கூடுகளும் ஒரே பதத்துக்கு வர வேண்டும். அதனால் இந்த அறிகுறி உள்ளவர் நேரத்தை எந்திரமே பிடிக்கும் வகையை நாட வேண்டும். சுடர் எந்திரங்களில் சக்கரம் அல்லது உருளை கூடுகளைச் சுடருக்கு முன் கொண்டுவந்து, சுழற்றி, குறித்த நேரத்தில் தட்டில் விடுகிறது. அனீலீஸ், ஜிராட், பெஞ்ச் சோர்ஸ் எல்லாம் இந்தக் குடும்பம். இண்டக்‌ஷன் எந்திரங்களில் செம்புச் சுருளின் மின்காந்தப் புலம் கழுத்திலேயே சுழல் மின்னோட்டத்தை எழுப்பிச் சூடாக்குகிறது. நியூசிலாந்தில் உருவான ஏஎம்பி இதில் பெயர்பெற்றது. அதன் அஸ்டெக் முறையில் உங்கள் கூடுகளில் ஒன்றைப் பலிகொடுத்து ஆராய்ந்து, அந்தத் தொகுதிக்கான அமைப்பை எந்திரமே கணக்கிட்டுத் தருகிறது. கூட்டமாகப் பல அளவுத் தோட்டாக்கள் வைத்திருப்பவருக்கு அந்த வசதிக்குக் கொடுக்கும் பணம் தகும் என்பேன். ஒரே ரைபிள், ஒரே அளவு, ஒரே தொகுதிக் கூடு என்றிருப்பவருக்குச் சுடர் எந்திரமே போதும்.

வரிசையும் முக்கியம். சுட்ட கூட்டின் அடியில் இருக்கும் பற்றவைப்பு மூடியான பிரைமரைக் கழற்றி, கழுவி, உலர்த்தி, பிறகு அனீலிங், அதற்குப் பின்தான் சைசிங். சைசிங்குக்குப் பின் அனீலிங் செய்தால் துள்ளல் கட்டுப்பட்டதன் பலன் டைக்குக் கிடைக்காது. குண்டைப் பிடிக்கத் தேவையான சிறு இறுக்கமும் கழுத்தில் இருக்காது.

அறிகுறி: அனீலிங் செய்த பிறகு கழுத்து குண்டைப் பிடிக்கவில்லை

குண்டை உட்கார வைத்துவிட்டு நுனியை மேசை விளிம்பில் அழுத்தினால் உள்ளே போகிறது. அல்லது விரலால் திருப்பினால் சுற்றுகிறது. அந்தத் தோட்டாவைச் சுடாதீர்கள். கூட்டுக்குள் குண்டு பின்னுக்குப் போனால் உள்ளே இடம் குறையும், அழுத்தம் எகிறும்.

கழுத்து அளவுக்கு மேல் வெந்துவிட்டது என்பதே பெரும்பாலும் காரணம். இதைக் கையாலேயே சோதிக்கலாம். கழித்துவிடத் தீர்மானித்த கூடுகளில் மூன்றை எடுங்கள்: அனீலிங் செய்யாத பழையது ஒன்று, இப்போது செய்தது ஒன்று, தொழிற்சாலையிலிருந்து வந்த புதியது ஒன்று. இடுக்கியின் தாடைகளில் துணி சுற்றி, கழுத்தின் வாயை முட்டை வடிவம் வரும்வரை மெல்ல அழுத்தி விடுங்கள். பழையது விறைத்து எதிர்க்கும், விட்டதும் ஏறக்குறைய முழு வட்டத்துக்குத் துள்ளும். இன்னும் அழுத்தினால் சில நேரம் வாயருகே "டிக்" என்று விரிசல் விட்டுவிடும். புதியது வளையும், விட்டதும் கொஞ்சம் திரும்பி வந்து நிற்கும். அந்தக் "கொஞ்சம்"தான் உங்களுக்கு வேண்டியது. இப்போது செய்தது ஈயத்தகடு மாதிரி அழுத்திய வடிவத்திலேயே நின்றுவிட்டால் அது வெந்துவிட்டது. விரல்களுக்கு இந்த மூன்றின் வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஒருமுறை உணர்ந்தபின் மறக்காது. விக்கர்ஸ் கடினமானி வீட்டில் வைத்திருப்பவர் யாரும் இல்லை. இடுக்கிச் சோதனையை ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் ஒரு கூட்டில் செய்யுங்கள், செலவு ஒரு கூடுதான்.

வெந்துவிட்டதற்குச் சுடரும் சாட்சி சொல்லும். கழுத்தைத் தொட்டுப் போகும் நீலச் சுடர் கழுத்துக்கு அப்பால் செம்மஞ்சளாக மாறினால் எல்லையைத் தாண்டிக்கொண்டிருக்கிறீர்கள். நேரத்தை அரை நொடி அரை நொடியாகக் குறையுங்கள். பகல் வெளிச்சத்தில் கழுத்து சிவந்து தெரிந்தால் எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. எந்தப் பொருளும் ஏறத்தாழ 525 டிகிரி செல்சியஸில்தான் இருட்டில் கண்ணுக்கு மங்கலாகச் சிவக்கத் தொடங்கும். விளக்கு எரியும் அறையில் அந்தச் சிவப்பு தெரிய வேண்டுமானால் சூடு அதைவிட மிக அதிகமாக இருக்க வேண்டும். எனவே நேரம் அமைக்கும்போது அறையை இருட்டாக்கி, கழுத்தின் வாய்க்குள் பாருங்கள். வெளிச்சுவரைவிட உட்புறத்தில் சிவப்பு முன்னதாகத் தெரியும். மங்கலாகத் தோன்றும் நொடியில் கூடு விழ வேண்டும்.

வெந்த கழுத்தைக் காப்பாற்ற வழி உண்டா? சுட்டுச் சுட்டு, சைசிங் செய்து செய்து மீண்டும் இறுக்கலாம் என்பார்கள். சூடு கழுத்தோடு நின்றிருந்தால் கோட்பாட்டளவில் சரி. ஆனால் உடல் எவ்வளவு சூடேறியது என்று உங்களுக்குத் தெரியாது. அந்தத் தொகுதியைக் கழித்துவிடச் சொல்வேன். கூட்டின் விலை கண்ணின் விலைக்கு ஈடல்ல.

அறிகுறி: கூட்டின் உடல் பாதி வரை நிறம் மாறியிருக்கிறது

சூடு கீழே ஓடுகிறது. பித்தளை சாதாரண எஃகைவிட இரு மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். மெல்லிய சுடரில் நீண்ட நேரம் வைப்பவர்கள் "மெதுவாகச் செய்தால் பத்திரம்" என்று நினைக்கிறார்கள். அது தலைகீழ். மெதுவாகச் செய்தால் கழுத்து பதத்துக்கு வருமுன் உடலும் அடியும் சூடாகிவிடும். வலுவான சூடு, குறைந்த நேரம் என்பதே பாதுகாப்பான வழி. சுடரில் ஐந்தாறு நொடிகளுக்குள் முடிய வேண்டும், இண்டக்‌ஷனில் அதைவிடச் சீக்கிரம்.

சோதிக்க டெம்பிலாக் என்ற வெப்பச்சாயம் இருக்கிறது. குறித்த வெப்பநிலையில் உருகும். 450 ஃபாரன்ஹீட், அதாவது 232 செல்சியஸ் சாயத்தைத் தோளுக்குக் கீழே கால் அங்குலத்திலிருந்து அடிவரை நெடுகக் கோடாகத் தடவி உலர விடுங்கள். அனீலிங் செய்தபின் கோட்டின் மேல்நுனி மட்டும் உருகியிருக்கலாம். பாதி வரை உருகியிருந்தால் சுடரை வலுப்படுத்தி, நேரத்தைக் குறையுங்கள். கழுத்துக்கான 750 ஃபாரன்ஹீட் சாயத்தைக் கழுத்தின் உள்ளே தடவ வேண்டும். வெளியே தடவினால் சுடரே நேராகச் சாயத்தைத் தின்னும், அது காட்டுவது பித்தளையின் சூடு அல்ல. அந்தச் சாயம் உருகுவது தொடக்கம் என்றே கொள்ளுங்கள். இந்த வகைப் பித்தளையை ஆலைகளில் 425 முதல் 750 செல்சியஸ் வரையிலான உலைகளில் நிதானமாக இளக்குவார்கள். 750 ஃபாரன்ஹீட் என்பது 399 செல்சியஸ்தான், நம்மிடம் இருப்பது சில நொடிகள். குறுகிய நேரத்துக்கு உச்சச் சூடு அதைத் தாண்டியாக வேண்டும்.

கூடுகளை முழுதாக அடுப்பு அவனில் வைத்துச் சூடாக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். கழுத்தை இளக்கும் சூடு அவனில் வந்தால் அடியும் இளகும், அதுதான் முதலிலேயே சொன்ன விதியை மீறுவது.

தண்ணீரில் போடுவதா, காற்றில் ஆறவிடுவதா என்ற விவாதம் முடிவில்லாமல் நடக்கிறது. எஃகு தண்ணீரில் இறுகும். பித்தளை இறுகாது. எப்படி ஆறினாலும் பதம் ஒன்றுதான். தண்ணீர், சூடு கீழே ஓடுவதை நிறுத்தும், பிறகு உலர்த்தும் வேலையைக் கொடுக்கும். நேரம் சரியாக இருந்தால் காற்றே போதும்.

அறிகுறி: கழுத்தின் ஒரு பக்கம் கருநீலம், மறுபக்கம் மஞ்சள்

சூடு ஒருபக்கமாக விழுந்திருக்கிறது. தட்டில் தண்ணீர் ஊற்றி, கூடுகளைப் பாதி உயரம் நிற்க வைத்து, ஒரு பக்கத்திலிருந்து சுடரைக் காட்டித் தட்டிவிடும் பழைய முறையில் இது தவிர்க்க முடியாதது. கூடு சுழன்றாக வேண்டும். உருளை எந்திரத்தில் இது வந்தால் கூடு உருளாமல் சறுக்குகிறது. உருளையின் பரப்பில் எண்ணெய் படிந்திருக்கும், துடைத்தால் சரியாகிவிடும். இண்டக்‌ஷனில் வந்தால் கூடு சுருளின் நடுவில் நிற்கவில்லை.

அறிகுறி: காலையில் சரியாக வந்தது, ஐம்பது கூட்டுக்குப் பின் மாறிவிட்டது

சுடர் எந்திரக்காரர்களுக்கே உரிய தலைவலி இது. காரணம் எரிவாயு உருளை. சிறிய புரோபேன் உருளையில் திரவம் ஆவியாக ஆவியாக உருளை குளிர்கிறது, குளிர்ந்தால் உள்ளழுத்தம் விழுகிறது, சுடர் மெலிகிறது. உருளையைத் தொட்டுப் பாருங்கள், வெளியே ஈரம் பூத்திருக்கும். அதே நேரத்தில் எந்திரத்தின் உலோகப் பாகங்கள் சூடேறிக்கொண்டிருக்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. அதனால்தான் எந்தப் பக்கம் மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை.

தீர்வு வரிசையாக: சுடரைப் பற்றவைத்து, எந்திரத்தைச் சில நிமிடங்கள் வெறுமனே ஓடவிட்டுச் சூடாக்குங்கள். நேரம் அமைப்பது அதற்குப் பிறகு. சிறு உருளைக்குப் பதில், ரெகுலேட்டரும் குழாயும் உள்ள பெரிய உருளையை இணைக்க முடிகிற டார்ச்சை வாங்குங்கள். பெரிய உருளை அவ்வளவு எளிதில் குளிராது. சுடரின் உள்ளே தெரியும் கூரிய நீலக் கூம்பின் நுனி கழுத்துக்கும் தோளுக்கும் இடையிலான வளைவை நோக்க வேண்டும். கராஜின் கதவைத் திறந்துவைத்தால் காற்று சுடரை அசைக்கும், மூடிவைத்தால் புகை சேரும். காற்றோட்டத்தை மேலிருந்து கொடுத்து, எந்திரத்தைச் சுற்றித் தகரத் தடுப்பு வையுங்கள். நிரப்பு மேசையையும் வெடிமருந்தையும் அதே அறையில் வைத்துக்கொண்டு சுடர் பற்றவைக்காதீர்கள். இதை எழுதாமலே தெரியும் என்பார்கள், இருந்தும் எழுதுகிறேன்.

இத்தனையும் செய்து பார்க்க விருப்பமில்லாதவருக்குத்தான் இண்டக்‌ஷன். அங்கே காற்றும் இல்லை, எரிவாயுவும் இல்லை. ஆனால் தானே பாகங்கள் வாங்கிப் பூட்டிய இண்டக்‌ஷன் அமைப்புகளில் இதே மாற்றம் வேறு உருவில் வரும். சுருள் சூடேறும், மின்வழங்கியின் வோல்ட்டேஜ் சுமையில் இறங்கும். சுருளுக்குள் தண்ணீர் ஓட்டி, தேவைக்கு மேல் திறனுள்ள மின்வழங்கியை வைத்தால் நிற்கும்.

அறிகுறி: இண்டக்‌ஷனில் ஒரு கம்பெனிக் கூடு சரி, இன்னொன்று வெந்துபோகிறது

எந்திரத்தில் பிழை இல்லை. ஒரே அளவுத் தோட்டாவுக்கும் கம்பெனிக்குக் கம்பெனி கழுத்துச் சுவரின் தடிமன் வேறு, எடை வேறு. இண்டக்‌ஷன் கொடுக்கும் ஆற்றல் ஒன்று, அதை வாங்கும் பித்தளை குறைவாக இருந்தால் சூடு அதிகம். கழுத்தின் வெளிச்சுவரைக் கடைந்து மெலிதாக்கியவர்களும் அதற்கு முன்பிருந்த அமைப்பைப் பயன்படுத்தக் கூடாது. கம்பெனி, தொகுதி, கழுத்துத் தடிமன் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு வையுங்கள். சுடுதளத் தரையில் பொறுக்கிய கலப்புக் கூடுகளை இண்டக்‌ஷனில் ஒரே அமைப்பில் போடுவது வீண். அதற்கு இருட்டறையும் சுடருமே நேர்மையான கருவி, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு கூட்டையும் கண் பார்க்கிறது.

அறிகுறி: குண்டு உட்காரும்போது பிரஸ் கைப்பிடியில் இறுக்கம் மாறி மாறி வருகிறது

இதை உடனே அனீலிங் குறைபாடு என்று முடிவுகட்டாதீர்கள். எஃகு ஊசிகளோடு தண்ணீரில் சுழற்றிக் கழுவிய கூட்டில் கழுத்தின் உட்புறம் கண்ணாடிபோல் சுத்தமாக இருக்கும். சுட்டபோது படியும் கரி, குண்டு நுழைய இயற்கையான வழுக்கல். அதைக் கழுவியெடுத்துவிட்டு, அனீலிங்கில் உண்டான மெல்லிய ஆக்சைடையும் சேர்த்தால் குண்டின் செம்பு உறை பித்தளையைப் பற்றிக்கொள்ளும். கழுத்துக்குள் கிராஃபைட் தூள் தொட்டுப் பாருங்கள், அல்லது கழுத்தின் உட்கரியை விட்டுவைக்கும் உலர் முறையில் கழுவுங்கள். இறுக்கம் சீரானால் எந்திரம் நிரபராதி. அப்படியும் சீராகவில்லை என்றால், ஒவ்வொரு சுடுதலுக்குப் பின்னும் அனீலிங் செய்யுங்கள். ஐந்து முறைக்கு ஒருமுறை செய்தால் முதலாவதும் ஐந்தாவதும் வெவ்வேறு பதத்தில் இருக்கும். தொலைதூர இலக்குச் சுடுவோர் பலர் ஒவ்வொரு முறையும் செய்வதன் காரணம் இந்தச் சீர்மைதான்.

அறிகுறி: கூடு இளஞ்சிவப்பாக மாறிவிட்டது

பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டு ஊறவைத்து மறந்துபோனால் ஆங்காங்கே சிவப்புத் திட்டு வருமல்லவா, அதேதான். அமிலம் மேற்பரப்புத் துத்தநாகத்தை எடுத்துவிட்டு செம்பை விட்டுவிடுகிறது. சிட்ரிக் அமிலக் கரைசலில் கூடுகளை நீண்ட நேரம் விட்டிருப்பீர்கள். சில நிமிடங்கள் போதும், பிறகு நன்றாக அலசுங்கள். அனீலிங் செய்த நிறத்தைப் போக்கவே பலர் இதைச் செய்கிறார்கள். அந்த நீலக்கறை குறையே அல்ல. ராணுவத் தோட்டாக்களில் அது அப்படியே விடப்படுகிறது. பல வணிகக் கம்பெனிகள் மட்டும் கண்ணுக்கு அழகாகத் துடைத்து அனுப்புகின்றன. கறை இல்லை என்பதால் அனீலிங் ஆகவில்லை என்றும், கறை இருப்பதால் ஆகிவிட்டது என்றும் சொல்லிவிட முடியாது.

அறிகுறி: உப்புக் குளியலில் முக்கிய கூட்டில் வெள்ளைப் படிவு, பதமும் பத்தவில்லை

உருக்கிய நைட்ரேட் உப்பில் கழுத்தை முக்கி எடுக்கும் முறை விலை குறைவு என்பதால் ஆசை காட்டும். உப்பின் வெப்பநிலையைத் தாண்டி கூடு சூடேறாது என்பது அதன் நல்ல பக்கம். வெள்ளைப் படிவு உப்புதான், கொதிநீரில் உடனே அலசினால் கரையும். பதம் பத்தவில்லை என்றால் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் பாத்திரத்தின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம், அல்லது பல கூடுகளை அடுத்தடுத்து முக்கியதில் உப்பு குளிர்ந்திருக்கலாம். ஆனால் என் அபிப்பிராயத்தை மறைக்கவில்லை: இந்த முறையை வீட்டில் நான் பரிந்துரைக்க மாட்டேன். 500 டிகிரி செல்சியஸ் உப்பில் ஈரக் கூடு ஒன்று இறங்கினால் தண்ணீர் நொடியில் நீராவியாகி உருகிய உப்பைக் கூரை வரை தெறிக்கும். நைட்ரேட் உப்பு எரியும் பொருளோடு சேர்ந்தால் தீயை வளர்க்கும். ஏற்கனவே வைத்திருப்பவர் முகக்கவசம், தோல் கையுறை, நீளக்கை சட்டை இல்லாமல் அதன் அருகே போகக் கூடாது. கூடு முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும், பிரைமர் கழற்றியிருக்க வேண்டும்.

அறிகுறி: எல்லாம் செய்தும் குண்டின் வேகம் சிதறுகிறது

வெடிமருந்தின் எடையையும் பிரைமரையும் கூட்டின் உள்ளளவையும் பாருங்கள். வேகச் சிதறலுக்கு அனீலிங் கடைசிச் சந்தேக நபர். அதற்காக மட்டும் எந்திரம் வாங்க நினைப்பவர், அந்தப் பணத்தில் முதலில் துல்லியமான தராசு வாங்கட்டும். தராசு சரியானபின்னும் தோள் அளவு அலைந்துகொண்டே இருந்தால், மேலே போய் மூன்றாவது அறிகுறியிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.